வடக்கே போகும் தரை

இன்னாசியம்மாள் கல்யாணமாகிப் போனபோது அவளுடைய ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது. திரும்பி வந்தபோது தருமபுரி ஜில்லாவில் இருந்தது. ஊர் என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தது. கடத்தூருக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளுக்கும் மொட்டைப் பாறைகளுக்கும் நடுவில், ஒரு சின்ன மாதா கோயிலும் அதைச் சுற்றி வேதக்காரர் வீடுகளும். ஜில்லா பிரிந்த சங்கதியை அவளுடைய அண்ணன் யாகப்பன்தான் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னான். வேறு எதைச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தங்கை ஒரு தகரப் பெட்டியோடு தனியாக இறங்கி நின்றாள்.

அவள் புருஷன் சவுரியப்பன் பாறையில் துளை போட்டு வெடி வைக்கிறவன். மகாராஷ்டிரத்தில் கோய்னா என்ற ஆற்றின் குறுக்கே பெரிய அணை கட்டுகிறார்கள் என்று ஒரு மேஸ்திரி எங்கள் பக்கத்திலிருந்து ஆள் சேர்த்துப் போனார். புதுப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு சவுரியப்பன் போனான். அங்கே மலைகள் எப்போதும் பச்சையாக இருந்தன. மழை பிடித்தால் மாசக்கணக்கில் விடாது. மேகத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த இன்னாசியம்மாளுக்கு அங்கே இருப்பது யாரோ காணும் கனவுக்குள் தான் நுழைந்துவிட்டது போல இருந்ததாம். மராத்தி பேசக் கற்றுக்கொண்டாள். கடை கண்ணிக்குப் போய்வந்ததில் இந்தியும் வந்தது. அணை முடிந்து பலர் ஊர் திரும்பினார்கள். மலைக்குள் இன்னும் சில வேலைகள் இருந்ததால் இவர்கள் தங்கிவிட்டார்கள்.

அணையின் ஏரி நிறைந்த பிறகு தரைக்கடியில் அவ்வப்போது சத்தம் கேட்க ஆரம்பித்தது. வீட்டுக்குக் கீழே லாரி போவது போல ஓர் உறுமல். அலமாரிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். அப்புறம் அடங்கிவிடும். சவுரியப்பன் படுத்தபடியே சிரிப்பான்.

“கீழ யாரோ ஒருத்தன் நம்மள மாதிரியே வெடி வெக்கிறான் புள்ள. பாவம், அவனுக்கும் வவுறு இருக்குதில்ல.”

1967 டிசம்பரில் ஒரு விடியற்காலை. இருட்டு இன்னும் பிரியவில்லை. இன்னாசியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து குழாயடிக்குப் பாதி தூரம் போயிருந்தாள். முதலில் நாய்கள் ஒரே குரலில் ஊளையிட்டன. பிறகு உறுமல். பிறகு, படுத்திருக்கிறவனுக்கு அடியிலிருந்து பாயை உருவுவது போல, யாரோ அவள் காலடியிலிருந்து தரையை உருவினார்கள். குப்புற விழுந்து இரண்டு கையாலும் புல்லைப் பற்றிக்கொண்டு கிடந்தாள். எழுந்து திரும்பிப் பார்த்தபோது கல் வீடுகளின் வரிசை இருந்த இடத்தில் புழுதி மட்டும் நின்றது.

சவுரியப்பனை மறுநாள் எடுத்தார்கள். கராட் பக்கமிருந்து வந்த ஒரு சாமியார் செபம் சொன்னார். ஏரியைப் பார்த்த சரிவில், மற்றவர்களோடு அவனையும் புதைத்தார்கள். இரண்டு குச்சியைக் கட்டி இன்னாசியம்மாள் ஒரு சிலுவை நட்டாள். அதைத் திரும்பத் திரும்ப அழுத்தி நட வேண்டியிருந்தது, தரை இன்னும் அடங்காமல் இருந்ததால்.

ஊருக்கு வந்து முதல் பூசைக்குப் போன அன்றுதான் அந்தக் கேள்வி வந்தது. மாமியார் மிக்கேலம்மாள் அடுத்த குக்கிராமத்தில் இருந்தாள். ஒரே மகனைப் பறிகொடுத்தவள். பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது அவள் மருமகளின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

“என் மவன் உள்ள. நீ வெளிய. அது எப்படி?”

  கோய்னாவில் தினமும் விடிந்த பிறகுதான் இன்னாசியம்மாள் தண்ணிக்குப் போவாள். அன்றைக்கு ஏன் முன்னமே எழுந்தாள்? தாகமா, கெட்ட கனவா, யாராவது கூப்பிட்டார்களா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. குடத்தைக் கையில் எடுத்ததிலிருந்துதான் அந்த நாள் அவளுக்குத் தொடங்குகிறது. அதற்கு முந்தையது அழிந்து போயிருந்தது.

அதன் பிறகு அவள் கூரைக்கடியில் தூங்கவில்லை. அண்ணன் வீட்டு முற்றத்தில் பாய் போட்டுக்கொள்வாள். மழை வந்தால் வண்டிக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். எங்காவது உட்காருமுன் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். பிள்ளைகள் அவளுக்கு ‘நடுக்கத்துக்காரி’ என்று பேர் வைத்தார்கள். யாகப்பன் ஒரு முறை வேண்டிக்கொண்டு கோயிலுக்குக் கூட்டிப் போனான், ஒரு முறை பென்னாகரத்தில் தாயத்துக் கட்டுகிறவரிடமும் கூட்டிப் போனான். இரண்டு இடத்திலும் அவள் வாசலிலேயே நின்றாள்.

பிழைப்புக்கு வெல்லம் காய்ச்சும் கொட்டாய்க்குப் போனாள். நாலு பக்கமும் திறந்த இடம் என்பதால் அது அவளுக்குப் பிடித்தது. கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளுவதும், கொப்பரையில் மேலே திரளும் அழுக்கை வழித்தெடுப்பதும் வேலை. கொதிக்கும் கரும்புப் பாலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் தோளைத் தட்டித்தான் அவளை இந்த உலகத்துக்கு அழைத்து வருவார்கள்.

இப்படியே நாலு வருஷம் போனது.

1971 கடைசியில் வத்தல்மலை அடிவாரத்தில் கூடாரங்கள் முளைத்தன. சர்க்காரின் ஏதோ ஓர் ஆராய்ச்சிக் குழு என்றார்கள். லாரியில் துளை போடும் எந்திரம் வந்து பாறையைக் குடைந்தது. தங்கம் எடுக்கிறார்கள் என்று பாதி ஊரும், குடிதண்ணிக்கு என்று மீதி ஊரும் பேசிக்கொண்டன. அவர்களுக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. எந்திர ஆட்கள் பலரும் வடக்கத்தியர், இந்தி தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது என்றார்கள். அந்த வட்டாரத்தில் இந்தி பேசும் பெண் பிள்ளை இன்னாசியம்மாள் ஒருத்திதான். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“தங்கறதுக்கு எனக்கும் கூடாரந்தானுங்களா?”

ஆமாம் என்றார்கள். கூடாரம் விழுந்தால் யாரும் சாகமாட்டார்கள். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

குழுவுக்குத் தலைவர் நரசிங்க ராவ். நெல்லூர்க்காரர். மதராஸில் படித்ததால் தமிழ் பேசுவார். நாற்பது வயதுகூட ஆகாத மனிதர், ஆனால் வயிற்றுப்புண். காரம் ஆகாது. எதற்கெடுத்தாலும் கத்துவார், கத்திவிட்டு அரை மணி கழித்து வெட்கப்படுவார். துளை போட்டு முடித்ததும் எந்திரமும் ஆட்களில் பெரும்பாலோரும் போய்விட்டார்கள். ராவும் இரண்டு மூன்று பேரும் தங்கினார்கள். குடைந்த சூட்டில் துளை சூடாகியிருக்கும், அது ஆறிப் பாறை தன் இயல்புக்கு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் அளக்க முடியும். அதனால் கூடாரத்தில் யாருக்கும் வேலை இல்லை. மார்கழிப் பனி மலையிலிருந்து இறங்கி, வெயில் ஏறிய பிறகும் சாமைக் கொல்லைகளின்மேல் படுத்திருக்கும். மாட்டு மணிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியாது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கும் ராவும், அரிசி புடைக்கும் இன்னாசியம்மாளும், ஆளுக்கொரு பக்கம் அந்தப் பனியைப் பார்த்தபடி இருப்பார்கள்.

ஒரு நாள் அவர் ஒரு நீளமான கம்பிச் சுருளின் முனையில் எதையோ பொருத்திக்கொண்டிருந்தார். அது என்னவென்று கேட்டாள். பூமிக்குள் இறக்கிச் சூடு பார்க்கிற கருவி என்றார்.

“ஏனுங்க சார், பூமிக்குக் காய்ச்சலுங்களா?”

ராவ் சிரித்துவிட்டார். “காய்ச்சல்தான். பிறந்தப்போ வந்த காய்ச்சல், இன்னும் முழுசா இறங்கல. அதுவும் போதாதுன்னு கல்லுக்குள்ள யுரேனியம், தோரியம்னு சில சரக்கு இருக்கு. அது தானா அழிஞ்சுகிட்டே சூடு குடுக்கும். ஆழம் போகப்போகச் சூடு ஏறும். எவ்வளவு சூடு வெளிய கசியுதுன்னு பார்க்கத்தான் இங்க வந்திருக்கோம்.”

“அப்ப உள்ளுக்குள்ள எல்லாம் கொளம்பாட்டம் கொதிக்குதுங்களா?”

“இல்லம்மா. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. ரொம்ப ஆழம்வரைக்கும் கெட்டிக் கல்லுதான். ஆனா அந்தச் சூட்டுலயும் பாரத்துலயும் கல்லு மெள்ள மெள்ள நகரும்.”

“கெட்டிக் கல்லு எப்படிங்க நவுரும்?”

அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். “உங்க கோயில்ல மெழுகுவத்தி இருக்கில்ல? சித்திரை வெயில்ல பெட்டிக்குள்ள வெச்சா என்ன ஆகும்?”

“கோணிக்கும்.”

“உருகிடுமா?”

“உருவாதுங்க. தொட்டா கெட்டியாத்தான் இருக்கும். ஆனா வில்லாட்டம் வளைஞ்சு கெடக்கும்.”

“அதேதான். அது ஒரு மாசத்துல வளையுது. இது கோடி வருஷத்துல. சூடான கல்லு மேல ஏறும், ஆறினது கீழ இறங்கும். நீங்க வெல்லம் காய்ச்சறவங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.”

அவள் கொப்பரையை நினைத்துப் பார்த்தாள். நடுவில் பொங்கி எழுவது ஓரத்துக்குப் போய் இறங்கும். மேலே திரளும் ஏடு அதோடு சேர்ந்து போகும், நடுவில் கிழியும், ஓரத்தில் மடியும். பூமிக்கு மேலேயும் அப்படிச் சில ஏடுகள் கிடக்கின்றன என்றார் ராவ். ஒவ்வொன்றும் தேசங்களைச் சுமக்கிற அளவு பெரியது, நூறு மைல் கனமுள்ள கல் ஏடு. “நான் காலேஜ்ல படிச்சப்போ எங்க வாத்தியார் இதைக் கேட்டுச் சிரிச்சார். இப்ப நாலஞ்சு வருஷமாத்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டிருக்காங்க.”

இன்னாசியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளங்கையைத் தரையில் பதித்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

இன்னொரு நாள், காற்றே இல்லாத மத்தியானம். அவள் புடவையை அலசிப் பிழியாமல் கூடாரக் கயிற்றில் போட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாகத் தொங்கியது. ஈரக் கனத்தில் அந்தப் பக்கம் விரலளவு இறங்கியது, பிறகு சாணளவு. அப்புறம் மொத்தப் புடவையும் சரசரவென்று கயிற்றைத் தாண்டி மண்ணில் போய் விழுந்தது. நாற்காலியிலிருந்து ராவ் துள்ளி எழுந்தார்.

“மறுபடி போடுங்க! அதே மாதிரி போடுங்க!”

அவள் பயந்துபோய் மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது.

“யாரு இழுத்தாங்க?” என்றார், குழந்தை மாதிரி.

“யாரும் இழுக்கலீங்களே. அதோட கனந்தான் அத இழுத்துக்கிச்சு.”

“அவ்வளவுதான்! சுமத்ரா பக்கம் கடலுக்கடியில நம்ம ஏட்டோட ஓரம் இப்படித்தான் உள்ள முங்குது. ஆறிப்போன கல்லு, கனம் ஜாஸ்தி. முங்கின பாரம் மிச்சத்தையும் இழுக்குது. தெற்கே நடுக்கடல்ல ஒரு மலைத்தொடர் இருக்கு, தண்ணிக்குள்ள. அங்க தரை பிளந்து புதுக் கல்லு மேல வருது. அது மேடு, அங்கிருந்து சரிவு. ஒரு பக்கம் சரியுது, ஒரு பக்கம் இழுக்குது, அடியில உங்க கொப்பரை ஓடுது. இதுல எது பெருசுன்னு எங்க ஆளுங்களுக்குள்ள இன்னும் சண்டை நடக்குது.”

“நீங்க எந்தப் பக்கமுங்க?”

“இன்னைக்குப் புடவைப் பக்கம்,” என்றார்.

மண்ணில் விழுந்த புடவையை அவள் இரண்டாம் தடவை அலச வேண்டியிருந்தது. அவருக்கு அது தோன்றவேயில்லை.

பொங்கல் கழிந்ததும் அளக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாளே கம்பி பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்ததில் அறுந்து கருவி உள்ளேயே போய்விட்டது. ராவ் எல்லாரையும் திட்டினார், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இன்னாசியம்மாள் மோர்ச் சாதத்தைப் பிசைந்து, ஒரு டம்ளர் தண்ணியோடு கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். கோய்னாவைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். குடம், நாய், புல், புழுதி. மாமியார் கேட்ட கேள்வி வரைக்கும் சொன்னாள்.

ராவ் டம்ளரைக் கையில் வைத்தபடியே கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“நம்ம நிலம் ஒரு காலத்துல ஆப்பிரிக்காவோட ஒட்டிக்கிட்டு எங்கேயோ தெற்கே இருந்ததும்மா. பிரிஞ்சு வடக்கே வந்து ஆசியாவில முட்டிச்சு. அந்த முட்டின இடந்தான் இமயமலை. முட்டியும் நிக்கல, இன்னும் தள்ளிட்டே இருக்கு. அதனால இந்தத் தரை பூரா ஓர் இறுக்கம் இருக்கு. பழைய விரிசல் எங்கேயாவது இருந்தா அது ஒரு நாள் நழுவும். கோய்னாவில ஏரித் தண்ணி அதைத் தூண்டிச்சுன்னு சிலர் சொல்றாங்க. நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியல.”

“அன்னைக்கி ஏன் நழுவுச்சு? அந்த நேரத்துக்கு?”

“அதுவும் தெரியாது.”

“நான் ஏன் வெளிய வந்தன்?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அதுக்கு எங்க படிப்புல பதில் இல்லம்மா. ஒண்ணு மட்டும் சொல்லலாம். அது யாரையும் பார்த்து வரல. கோவமும் இல்ல, குறியும் இல்ல. போற வழியில ஒரு தரம் தடுக்கிச்சு, அவ்வளவுதான்.”

“எம்புட்டு வேகமுங்க போவுது?”

“வருஷத்துக்கு ரெண்டு அங்குலம். உங்க நகம் வளர்றதைவிடக் கொஞ்சம் வேகம்.”

“இப்பவுமா?”

“இப்பவும். வத்தல்மலை போகுது, கடத்தூர் போகுது, நான் சாப்பிடாத இந்தச் சோறும் போகுது,” என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைக் கையில் எடுத்தார்.

அடுத்த சில நாட்கள் இன்னாசியம்மாள் பேச்சுக் குறைந்து நடமாடினாள். ஒரு பிற்பகல், பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் புங்க மரத்தடியில் கண்ணயர்ந்தாள். தரை மெல்ல அசைவது தெரிந்தது. அவள் பயப்படவில்லை. எழுந்து பார்த்தால் நாலா பக்கமும் தண்ணீர். நடுவில் அகலமான பரிசல் மாதிரி நிலம் மிதந்து போகிறது. அதன்மேல் கரும்புக் கொல்லைகள், புகை விடும் ஆலைக் கொட்டாய், பென்னாகரத்துச் சாலையின் புளிய மரங்கள், சந்தைக்குக் கட்டி வைத்த ஆடுகள். யாரும் துடுப்புப் போடவில்லை. யாருக்கும் போவதே தெரியவில்லை, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், அதே பரிசலின் மேற்குக் கோடியில், பச்சை மலைச் சரிவில் சவுரியப்பன் படுத்திருந்தான். ஒரு கையைத் தலைக்கடியில் வைத்து, வானத்தைப் பார்த்தபடி, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவன் போல.

விழித்ததும் ஓடினாள். ராவ் பெட்டியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சார், கோய்னாவும் நம்ம ஏட்டுலதானுங்களா?”

“ஆமா.”

“நாம போற வேகத்துக்கு அதுவும் வருதுங்களா?”

“அதே வேகந்தான். எல்லாம் ஒரே பலகை.”

“அப்ப இங்கிருந்து அங்க தூரம் கூடாதுங்களா? எத்தினி வருசம் ஆனாலும்?”

“கூடாது. நாம இருக்கிறவரைக்கும் கூடாது,” என்றவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. “என்னம்மா, அடுப்புல ஏதாவது தீயுதா?” என்றார்.

மாசியில் வேறு கருவி வந்து, கிடைத்த ஆழம்வரை அளந்துகொண்டு அவர்கள் கிளம்பினார்கள். பாறை ரொம்பப் பழையது, நினைத்ததைவிடச் சூடு குறைவு என்று ராவ் சொன்னார். ஜீப் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டார். அவரை அவள் பிறகு பார்க்கவில்லை.

கூடாரங்கள் போன மறுநாள் இன்னாசியம்மாள் மாமியார் வீட்டுக்கு நடந்தாள். நாலு வருஷமாக இருவரும் கோயிலில்கூட ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒதுங்கியே இருந்தார்கள். மிக்கேலம்மாள் வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மணைப் பலகையைக் காலால் இவள் பக்கம் தள்ளினாள்.

“அத்தே, ஒரு சங்கதி சொல்லலாம்னு வந்தன்.”

“சொல்லு.”

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மெழுகுவத்தியில் ஆரம்பித்துப் புடவைக்குப் போய், கொப்பரைக்கு வந்து, மறுபடி மெழுகுவத்திக்கே போனாள். மிக்கேலம்மாள் புளி தட்டுவதை நிறுத்தவில்லை. கொட்டைகள் தெறித்துக்கொண்டிருந்தன.

“உன் தங்கச்சிக்குப் புத்தி கலங்கிப் போச்சாடான்னு யாகப்பனக் கேட்டன். இல்லைன்னான். பொய் சொல்லியிருக்கிறான்.”

“கலங்கினதாவே இருக்கட்டும் அத்தே. ஆனா அவரு அங்கயே தனியா கெடக்கல. நாம போறப்ப அவரும் கூட வர்றாரு. அதத்தான் சொல்ல வந்தன்.”

சுத்தியல் நின்றது.

“நாம எங்க போறம்?”

“வடக்க.”

“எதுக்கு?”

“எதுக்குமில்ல. சும்மா போறம்.”

மிக்கேலம்மாள் தரையைப் பார்த்தாள். புளி ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“அவனும் வர்றானா?”

“வர்றாரு அத்தே. நம்ம கூடவே. ஒரு அடி முன்ன பின்ன இல்ல.”

 தெருவில் ஒரு வண்டி போனது. மிக்கேலம்மாள் சுத்தியலைக் கையில் எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“நீயும் உள்ள இருந்திருந்தா,” என்றாள், “இத எனக்கு யாரு வந்து சொல்லியிருப்பா?”

இன்னாசியம்மாள் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குவிந்து கிடந்த புளியில் ஒரு பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் கோடை மழை ஒன்று சொல்லாமல் வந்தது. இருவரும் புளியை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நனையாமல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி முடித்த பிறகுதான், தலைக்கு மேலே ஓட்டுக் கூரையும் சுற்றிலும் சுவரும் இருப்பதை இன்னாசியம்மாள் கவனித்தாள்.  வெளியே ஓடவில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு மழை விடும்வரை அங்கேயே நின்றாள்.

சமையல் கூலியில் மிச்சம் பிடித்ததையும் புளி விற்றதையும் சேர்த்து, மறுவருஷம் இருவரும் கோய்னா போனார்கள். பொம்மிடியில் ரயிலேறியதிலிருந்து கராடில் இறங்கும்வரை மிக்கேலம்மாள் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பஸ் மலைக்குள் நுழைந்ததும் அவள் கண்கள் விரிந்தன. இவ்வளவு பச்சையை அவள் பார்த்ததில்லை.

“இங்கயா இருந்தீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், ஏதோ குறை சொல்வது போலவும், பொறாமைப்படுவது போலவும்.

பழைய கல் வீடுகள் இருந்த இடத்தில் தகரக் கூரை வீடுகள் வந்திருந்தன. சரிவில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. குச்சிச் சிலுவைகள் எதுவும் மிஞ்சவில்லை. புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இன்னாசியம்மாள் மராத்தியில் கேட்டாள். அவள் அரிவாளால் ஒரு பெரிய வட்டம் வரைந்து காட்டினாள். அதற்குள் எங்கேயோதான். மிக்கேலம்மாள் அந்த வட்டத்துக்குள் அங்குமிங்கும் நடந்து, ஓரிடத்தில் நின்று, புல்லை விலக்கி உட்கார்ந்தாள். கையைத் தரையில் வைத்தாள்.

“இங்கதான். சூடா இருக்குது பாரு.”

நடுப்பகல் வெயில். எல்லா இடமும் சூடாகத்தான் இருந்தது. இன்னாசியம்மாள் அதைச் சொல்லவில்லை. கொண்டுவந்த மெழுகுவத்தியை ஏற்றினாள். காற்றில் அது அணைந்து அணைந்து போயிற்று. இருவரும் செபமாலை சொன்னார்கள். பாதியில் மிக்கேலம்மாள் அப்படியே சாய்ந்து, புல்லில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். ஏரி அசையாமல் கிடந்தது. முந்தானையால் மாமியாரின் முகத்துக்கு நிழல் கொடுத்தபடி இன்னாசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஏன் எழுந்தோம் என்ற யோசனை ஒரு தரம் வந்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் தானே போய்விட்டது.

திரும்பும் வழியில் மிரஜ் ஸ்டேஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. பக்கத்துத் தண்டவாளத்திலும் ஒரு வண்டி. ஜன்னலுக்கு ஜன்னல், அந்தப் பக்கத்து ஆட்களின் முகம் தெரிந்தது. சத்தமே இல்லாமல் அந்த முகங்கள் நகர ஆரம்பித்தன.

“பொறப்பட்டுட்டமா?” என்றாள் மிக்கேலம்மாள்.

இன்னாசியம்மாள் உற்றுப் பார்த்தாள். உடம்பில் அசைவு எதுவும் தெரியவில்லை. “தெரியல அத்தே. நாமளா, அவங்களான்னு தெரியல.”

கடைசிப் பெட்டியும் கடந்து போனபோது எதிர்ப் பிளாட்பாரம் தெரிந்தது. டீ விற்கிறவன் அங்கே நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். போனது அந்த வண்டிதான். மிக்கேலம்மாள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்து இன்னாசியம்மாள் பார்த்தது கல்யாணத்தன்று ஒரு தரம், இது இரண்டாவது. அப்புறம் கொய்யாப்பழக்காரி ஒருத்தி வந்தாள். பழம் பழுத்திருக்கிறதா என்று மாமியார் தமிழிலும் பழக்காரி மராத்தியிலும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர்களுடைய வண்டி எப்போது கிளம்பியதென்று யாருமே கவனிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் இன்னாசியம்மாள் பெட்டியோடு மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள். ஆலை ஓடும் மாசங்களில் இரண்டு பேரும் கொட்டாயில் வேலை செய்தார்கள். பூமி நகர்கிற கதையை அதற்கப்புறம் ஊரில் சொல்லித் திரிந்தது மிக்கேலம்மாள்தான். அடுப்படியில் சக்கை தள்ளிக்கொண்டே, கேட்கிறவன் கேட்காதவன் எல்லாருக்கும் சொன்னாள். மருமகள் சொன்னதை அப்படியே சொல்ல மாட்டாள். அவள் வாயில் பூமி, ராவ் சொன்னதைவிட வெகு வேகமாகப் போனது.

“வருசத்துக்கு ரெண்டு அங்குலந்தான் அத்தே,” என்று கொப்பரைப் பக்கமிருந்து இன்னாசியம்மாள் திருத்துவாள்.

“அது அப்ப,” என்பாள் மிக்கேலம்மாள். “இப்பெல்லாம் பஸ்ஸு லாரி எல்லாமே வேகமாத்தான் போவுது. அது மட்டும் சும்மா இருக்குமா?”